மோனோவில் போட்டால் கோரஸ் காணாமல் போகிறது

வணக்கம் அண்ணாமார், மட்டக்களப்பு கல்லடியில் இருந்து எழுதுகிறேன். வைகாசிக் கண்ணகி அம்மன் சடங்குக்கு ஒரு பாட்டு மிக்ஸ் செய்கிறேன். ஹெட்போனில் கோரஸ் இரண்டு பக்கமும் அழகாக விரிகிறது. கோயில் ஹோர்ன் ஸ்பீக்கரில் (அது மோனோதானே, இடம் வலம் இரண்டும் ஒன்றாய்க் கலந்துதான் வரும்) பாதி கரைந்துவிடுகிறது, உடுக்கு தகரம் தட்டின மாதிரி.

கோரஸ் ஒரே டேக்தான் (ஒரு தரம் பாடிப் பதிந்தது): இடம் வலம் பிரித்து, வலப்பக்கத்தை 15 மில்லிசெக்கன் பிந்தவிட்டு, மேலே ஒரு வைட்னர் (ஒலியை இரு பக்கமும் அகலமாக்கும் பிளக்இன்). கோரிலேஷன் மீட்டர் (இடமும் வலமும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டுவது) பூச்சியத்துக்குக் கீழேயே கிடக்கிறது, அதாவது மோனோவில் ஒன்றையொன்று அழிக்கும் பக்கம். டிலேயை எடுத்துவிட்டு இரண்டாம் தரம் பாடவைத்துப் பதிவதுதான் வழியா? பாடின பிள்ளைகளைத் திரும்பச் சேர்ப்பது பெரும்பாடு!

உடுக்குக்கு இரண்டு மைக். ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பினால் (அலையை மேல்கீழாகக் கவிழ்த்தால்) அடி கொஞ்சம் கனக்கிறது. அதோடு விடலாமா, இரண்டு மைக்கின் அடியும் ஒரே நேரத்தில் விழ அலைவடிவத்தையும் நகர்த்திப் பொருத்த வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.