வந்து பார்க்க எவ்வளவு என்று போனிலேயே சொல்ல வேண்டாமா?

வியாசர்பாடி மாவுக்கடை:

சென்னை எம்.கே.பி. நகரில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. உள்ளே ஒன்பது கிலோ மாவு. இந்த வெயிலில் விடிவதற்குள் புளித்துப் பொங்கி பாக்கெட்டே பிய்ந்துவிடும். பதற்றத்தில் இணையத்தில் தேடி, முதலில் வந்த நம்பருக்குப் போன் போட்டேன். ஒரு பெண் பேசினார். ஃபிரிட்ஜ் என்ன கம்பெனி, எத்தனை லிட்டர், வீடு எந்தத் தெரு, எல்லாம் கேட்டார். "ஆள் வருவார்மா" என்று வைத்துவிட்டார். பணத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஏழரை மணிக்கு ஒரு தம்பி வந்தார். இருபத்திரண்டு வயது இருக்கும். சட்டையெல்லாம் வியர்வை. டெஸ்டரை பிளக் பாயிண்டில் வைத்துப் பார்த்தார், கரண்ட் இருந்தது. பிளக்கை உருவினார். பித்தளைப் பின்னின் நடுவில் ஒரு பிளவு இருக்குமே, அதில் ஸ்க்ரூ டிரைவர் முனையைச் செருகி லேசாக அகட்டினார். ஒரு பின்னின் ஓரம் கறுத்திருந்தது, அதைச் சுரண்டிவிட்டார். திரும்பச் செருகியதும் ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பித்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "விசிட்டிங் சார்ஜ் 450 ரூபாய் அக்கா" என்றார்.

அன்றைக்குக் கல்லாவில் இருந்தது 280. வீட்டுக்காரர் ஹார்பரில் நைட் ஷிப்ட், போனை எடுக்கவில்லை. மீதியைக் காலையில் தருகிறேன் என்றேன். "முழுசா வாங்காம போனா என் கணக்குல பிடிச்சுடுவாங்கக்கா" என்று அந்தத் தம்பி வாசலிலேயே நின்றார். மாவு வாங்க வந்த இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் எதிர்வீட்டு அக்காவிடம் 170 ரூபாய் கைமாற்று வாங்கிக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்த அக்கா முகத்தைப் பார்த்தால் மனசு கூசுகிறது.

வந்ததற்குக் காசு கேட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் பெட்ரோல் இருக்கிறது, வயிறு இருக்கிறது. ஆனால் 450 என்று முன்னாடியே தெரிந்திருந்தால் வேறு பாயிண்டில் மாட்டிப் பார்த்திருப்பேன். இல்லையென்றால் பணத்தையாவது எடுத்து வைத்திருப்பேன். மாவு கெட்டுக்கொண்டிருக்கும்போது, வந்து நிற்கும் ஆளிடம் என்ன பேச முடியும்? போனிலேயே தொகையைச் சொல்லியாக வேண்டும் என்று இருக்க வேண்டாமா? இந்தத் தொழிலில் இருப்பவர்களும் மனசில் பட்டதைச் சொல்லுங்கள்.

ஏசி ஃபிரிட்ஜ் மெக்கானிக், தண்டையார்பேட்டை:

அக்கா, பதினேழு வருஷமாக இந்த வேலைதான். சொல்லியிருக்க வேண்டும், அதில் இரண்டு பேச்சு இல்லை.

எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். எண்ணூரில் இருந்து கூப்பிடுவார்கள். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் போய்வரவே பாதி நாள் போய்விடும். போனால், "சும்மா என்னன்னு தெரிஞ்சுக்கத்தான் கூப்பிட்டேன்" என்பார்கள். விசிட்டிங் சார்ஜ் வாங்காமல் எங்களால் பிழைக்க முடியாது. போனில் 300 என்று சொல்ல ஆரம்பித்த புதிதில் பல பேர் பட்டென்று வைத்துவிட்டார்கள். வீட்டில்கூட "ஏன் வாயைக் கொடுக்கிற" என்று சண்டை. ஆனால் அதற்கு அப்புறம் ஒரு வாசலிலும் நான் வாக்குவாதம் பண்ணி நின்றதில்லை.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். வர எவ்வளவு என்று போனில் சொல்லலாம். ரிப்பேருக்கு எவ்வளவு என்று சொல்ல முடியாது. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்றில் ஏசியின் வெளி யூனிட்டில் இருக்கிற காயில் (சுருள் குழாய்) அரித்து ஊசிமுனை அளவு ஓட்டை விழும். நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை தடவித் தேடினால்தான் தெரியும். அதைப் பார்க்காமல் தொகை சொல்கிற ஆளை நம்பாதீர்கள்.

அப்புறம், உங்கள் ஃபிரிட்ஜைத் திறந்தபோது உள்ளே லைட் எரிந்ததா? அதைத்தான் நான் முதலில் கேட்பேன். எரியவில்லை என்றால் வேறு பாயிண்டில் மாட்டச் சொல்வேன். உங்கள் வேலை போனிலேயே முடிந்திருக்கும். அந்தத் தம்பியைக் கோபிக்காதீர்கள், 450-ல் அவர் கைக்கு எவ்வளவு போகிறதோ.

பெரம்பூர் ரிட்டயர்டு:

டாக்டர் பார்த்ததற்கு ஃபீஸ் வாங்குகிறார், மருந்து எழுதாவிட்டாலும் கொடுக்கிறோம். மெக்கானிக்குக் கொடுக்க மட்டும் ஏன் வலிக்கிறது? ஐந்து நிமிடத்தில் முடித்தது அவர் தொழில் சுத்தம். கேட்காமல் கூப்பிட்டது உங்கள் தவறும்தான் அம்மா.

கொருக்குப்பேட்டை வக்கீல்:

சார், கேட்கும் பொறுப்பை முழுக்க அந்தம்மா தலையில் வைக்காதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 2(9) பிரிவு, சேவையின் விலையைத் தெரிந்துகொள்வதை நுகர்வோரின் உரிமை என்றே சொல்கிறது. மெக்கானிக் போனிலேயே சொல்ல வேண்டும் என்று தனி வரி கிடையாது. ஆனால் எல்லா விவரமும் கேட்டவர்கள் விலையை மட்டும் விட்டது, அந்த உரிமைக்குப் பொருந்தாது.

அம்மா, ரசீது கொடுத்தார்களா? அது முக்கியம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாதுதான். ஆனாலும் 450-க்காக நீங்கள் நடையாய் நடக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள்.

வியாசர்பாடி மாவுக்கடை:

ரசீது தரவில்லை சார். நாளைக்கு 1915-க்குப் பேசுகிறேன்.

பெரம்பூர் ஐயா, கொடுக்க வலிக்கவில்லை. டாக்டர் ஃபீஸ் எவ்வளவு என்று உள்ளே போவதற்கு முன்னாலேயே தெரியும், அவ்வளவுதான்.

மெக்கானிக் அண்ணா, உள்ளே லைட் எரியவில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் ஞாபகம் வருகிறது. அன்றைக்கு டார்ச் அடித்துத்தான் மாவை எண்ணினேன். அந்தத் தம்பி மேல் கோபம் இல்லை.

இன்றைக்கு மதியம் கிரைண்டர் பெல்ட் அறுந்தது. சர்மா நகரில் இருக்கிற ஒருவருக்குப் போன் போட்டு, "அண்ணா, வந்து பார்க்க எவ்வளவு?" என்று முதல் வார்த்தையாகக் கேட்டேன். கேட்க வாய் கொஞ்சம் தயங்கியது. அவரும் ஒரு நொடி பேசவில்லை. அப்புறம் "150-மா, வேலை செஞ்சா அதுல கழிச்சுக்கலாம்" என்றார். நாலு மணிக்கு வருகிறார். அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது.