பாஸ்த்ரூ: ஒரு சொல் போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வீட்டுத் திரையரங்கக் கணினியை, ஒலிபெருக்கிகளை இயக்கும் கருவியான ரிசீவரோடும் தொலைக்காட்சியோடும் இணைப்பதற்கான வழிகாட்டியில் 'பாஸ்த்ரூ' என்பதற்கு 'ஊடுகடத்தல்' என்று எழுதலாம் என இவ்விழையில் முன்மொழிந்திருக்கிறார்கள். சொல்லாக்கத்தில் குறையில்லை. ஆயினும் ஒரே பெயரில் வழங்கும் இரு வேறு வேலைகளை இச்சொல்லும் ஒன்றாகவே முடிந்து வைத்துவிடுவதால் ஏற்கத் தயங்குகிறேன்.

முதல் வேலை கணினியில் நடப்பது. படக்கோப்பில் ஒலி சுருக்கிக் கட்டப்பட்ட நிலையில் இருக்கிறது. அதைக் கணினியே பிரித்துத் ஒலிபெருக்கிக்கு ஒன்றாகத் தடம் தடமாக விரித்து அனுப்பலாம், அல்லது கட்டைத் தொடாமல் அப்படியே ஒப்படைத்துப் பிரிக்கும் பொறுப்பை ரிசீவரின் தலையில் கட்டிவிடலாம். படங்களை ஓட்டும் 'கோடி' (Kodi) என்னும் மென்பொருளின் ஒலி அமைப்புகளில் பாஸ்த்ரூ எனப்படுவது இந்த இரண்டாம் வழிதான். இரண்டாவது வேலை ரிசீவரில் நடப்பது: அது காத்திருப்பு நிலையில் இருக்கும்போதும், கணினியிலிருந்து எச்.டி.எம்.ஐ. (படத்தையும் ஒலியையும் ஒருசேரக் கடத்தும் இணைப்பு) வழியே வரும் குறிகையைத் தடுக்காமல் தொலைக்காட்சிக்கு விட்டுவிடுவது. முன்னதில் ஒலியின் வடிவம் தீர்மானிக்கப்படுகிறது, பின்னதில் பாதை. ஒலி வரவில்லையே என்று வழிகாட்டியைப் புரட்டுகிறவர், கணினியில் மாற்ற வேண்டியதை ரிசீவரில் தேடிக்கொண்டிருக்க நாம் இடம் கொடுக்கக் கூடாது.

பின்னதற்கு 'வழிவிடல்' என்ற எளிய சொல்லே போதும் என நினைக்கிறேன். முன்னதுதான் சிக்கலானது. 'பிரியா ஒலி' என்றால், பட்டியலில் அதைக் காண்பவர் பிரியா என்பவர் யாரென்று கேட்பார். 'கட்டவிழா ஒலி' இலக்கணப்படி சரியே என்றாலும், விரைந்து படிக்கும் கண்ணுக்கு அதில் ஏதோ ஒரு விழா தெரிகிறது. ஆகவே எதிர்மறைப் பெயரெச்சத்தை விட்டுவிட்டு, வினைத்தொகையாக ஓர் இணையை முன்வைக்கிறேன்: கட்டோடு செல்வது 'பொதியொலி', பிரித்து அனுப்பப்படுவது 'விரியொலி'. பின்னது, சுருக்கப்படாத ஒலியைக் குறிக்கப் பி.சி.எம். என்று ரிசீவரின் முகப்பில் ஒளிரும் எழுத்துகளுக்கும் பொருந்தும்.

ஒரு சொல் நிற்குமா என்பது வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கணினியிலிருந்து ரிசீவருக்கு ஒலியை மட்டும் கொண்டுசெல்லும் ஒளியிழை வடத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு தடங்கள், நொடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட்டு என்று கணக்கிட்டால், விரியொலிக்கு நொடிக்கு 4,608 கிலோபிட்டு வேண்டும். அதே ஆறு தட ஒலி டால்பி டிஜிட்டல் என்ற சுருக்க முறையில் பொதியொலியாக வந்தால் 640 கிலோபிட்டைத் தாண்டாது. இவ்வடத்தின் இணைப்புமுறையோ விரியொலிக்கு இரண்டு தடங்களையே ஒதுக்குகிறது. எனவே வழிகாட்டியில் இப்படி எழுதலாம்: 'ஒளியிழை வடம் ஆறு தட ஒலியைப் பொதியொலியாக மட்டுமே கொண்டுசெல்லும், விரியொலியாக அனுப்பினால் இரண்டு தடங்களே கிடைக்கும்.' இதே செய்தியை 'ஊடுகடத்தல்' கொண்டு எழுத முயன்றால் வாக்கியம் இரு மடங்கு நீள்கிறது.

கணினியிலிருந்து நேரே தொலைக்காட்சிக்கும், அங்கிருந்து மீள்தடம் (ஏ.ஆர்.சி.) வழியாக ரிசீவருக்கும் ஒலியைக் கொண்டுசெல்வோருக்கும் இச்சொற்கள் உதவும். 2009இல் எச்.டி.எம்.ஐ. 1.4 உடன் வந்த மீள்தடம் டால்பியின் ட்ரூஎச்டி என்ற ஒலிவகையைப் பொதியொலியாகத் தாங்காது, 2017இல் 2.1 உடன் வந்த மேம்பட்ட மீள்தடம் (இ.ஏ.ஆர்.சி.) தாங்கும். 'மீள்தடம்' என்பதையும் போகிற போக்கில் முன்மொழிந்ததாகக் கொள்க.

அன்புடன்.

*

மறுமொழி

ஐயா, வணக்கம்.

'வழிவிடல்' எனக்கு முழு உடன்பாடு. 'பொதியொலி' குறித்து ஓர் ஐயம்: கணினிப் பிணையத் துறையில் 'பொதி' (பாக்கெட்) ஏற்கெனவே வேறு பொருளில் நிலைபெற்றுவிட்டதே? மேலும், 'விரி' என்பதைக் கண்டால் விரியொலியே தரத்தில் மேலானது என்று சிலர் எண்ணக்கூடும்.

*

மறுமொழி

வணக்கம். தொகைச்சொல்லாக நிற்கும்போது 'பொதியொலி' பிணையப் பொதியோடு குழம்பாது என்றே கருதுகிறேன். ஒலிக்கான அமைப்பில் பிணையத்தை எவரும் தேடப்போவதில்லை.

தங்கள் இரண்டாம் ஐயம் நியாயமானது. அதற்கு விளக்கக் குறிப்பு தேவை. ட்ரூஎச்டி இழப்பற்ற சுருக்கம் என்பதால், கணினி விரித்தாலும் ரிசீவர் விரித்தாலும் தடங்களில் கிடைப்பது ஒன்றே. ஆனால் அட்மாஸ் எனப்படும் டால்பியின் முப்பரிமாண ஒலியில் எந்த ஓசை எத்திசையிலிருந்து, எவ்வுயரத்திலிருந்து எழ வேண்டும் என்ற குறிப்பும் கட்டுக்குள் இருக்கிறது. கோடி போன்ற மென்பொருள் அதை விரிக்கையில் அக்குறிப்பு உதிர்ந்துவிடுகிறது. பொதியொலியிலோ வேறொரு தொல்லை: கட்டைத் தொடாமல் அனுப்புவதால் கணினியின் ஒலியளவுக் கட்டுப்பாடு வேலை செய்யாது, பட்டியலில் நகரும்போது எழும் சிற்றோசைகளும் கேட்காது, எல்லாவற்றையும் ரிசீவரில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். இவ்விரண்டையும் வரையறைக்குக் கீழே சேர்த்து, திருத்திய பதிவை அடுத்த மடலில் அனுப்புகிறேன்.