12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு எங்கே கிடைக்கும்? கோத்தகிரியிலிருந்து கேட்கிறேன்

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரியில் கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுக்கிறேன். டெஸ்க்டாப்பில் இன்னும் ஓடுவது 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி கார்டுதான். டாவின்சி எடிட்டிங் சாஃப்ட்வேரில் 4கே கிளிப்புக்கு நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிகள்) குறைக்கப் போட்டாலே ஜிபியு மெமரி, அதாவது கார்டின் மெமரி, நிரம்பிவிட்டதென்று நின்றுவிடுகிறது. முகூர்த்தம் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. பெண்ணின் அப்பா போன் செய்தால் எடுக்கவே சங்கடமாக இருக்கிறது.

கோவையில் ஒரு கடையில் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி கார்டுக்கு முன்பணம் கட்டி ஏழு வாரம் ஓடிவிட்டது. எப்போது கேட்டாலும் "அடுத்த லோடில் வந்துடும்". போன வாரம் வந்துவிட்டது என்றார்கள். காலை முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கிப் போனேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் 8 ஜிபி! பெயர் அதே 3060தான், ஆனால் மெமரி பஸ்ஸும் (மெமரிக்குத் தரவு போய்வரும் பாதை) 192 பிட்டுக்குப் பதில் 128 பிட். வேண்டாமென்று வெறுங்கையோடு மலையேறினேன். முன்பணமும் இன்னும் வரவில்லை.

ஊட்டி, குன்னூர், கோவைப் பக்கம் 12 ஜிபி கார்டு கையில் இருக்கும் கடை தெரிந்தால் சொல்லுங்கள். பழசு என்றாலும் சரி, பில் இருக்க வேண்டும், அரை மணி நேரம் லோடு கொடுத்து ஓட்டிப் பார்க்க விட வேண்டும்.

அப்புறம், என் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை) 450 வாட். பழைய கார்டு மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டிலேயே ஓடியது. 3060-க்கு 170 வாட் வேண்டும், அதைத் தயாரிக்கும் என்விடியா சொல்வது 550 வாட் எஸ்எம்பிஎஸ். யாராவது 450-இல் ரெண்டர் போட்டு ஓட்டுகிறீர்களா, இல்லை அதையும் சேர்த்தே மாற்றிவிடட்டுமா?