மகன் மூதூரில் இருப்பதாகக் காட்டுகிறது, அவன் இல்லை என்கிறான் – உதவி தேவை

உப்புவெளித் தந்தை:
மகனின் கைத்தொலைபேசியில் கண்காணிப்புச் செயலி போட்டிருக்கிறேன். நேற்று மாலை 5.30 மணிக்கு அவன் மூதூரில் இருப்பதாக அது காட்டியது. அவனோ திருகோணமலை நகரத்தில் ரியூசன் வகுப்பில் இருந்ததாகச் சாதிக்கிறான். அவனுடைய வட்ஸ்அப் செய்திகளை என் தொலைபேசியில் வாசிப்பது எப்படி? அவசரம்.

நிலாவெளியான்:
எந்தச் செயலி, எந்தத் தொலைபேசி, மகனுக்கு என்ன வயது, செயலி இருப்பது அவனுக்குத் தெரியுமா? இவற்றைச் சொல்லாமல் என்ன பதில் எழுதுவது?

பழைய கம்பி:
இதே கேள்விக்கு நான் பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்கத்தான் எவருக்கும் பொறுமையில்லை. பையன் போலி இருப்பிடம் காட்டும் செயலி ஒன்றைப் போட்டிருக்கிறான். தொலைபேசியை முழுவதும் அழித்து மறுபடி அமையுங்கள்.

சாம்பல்தீவு ஆசிரியை:
போலி இருப்பிடம் காட்டத் தெரிந்த பிள்ளை வகுப்பைக் காட்டியிருப்பானே தவிர, மூதூரைக் காட்டி ஏன் மாட்டிக்கொள்கிறான்?

உப்புவெளித் தந்தை:
ஃபமிலி லிங்க். சாம்சுங். வயது 15. செயலி இருப்பது அவனுக்குத் தெரியும். வகுப்பு உட்துறைமுக வீதியில், கீழ்த்தளத்தில் நடக்கிறது.

கொட்டியாரம்:
வீதியின் பெயரை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கொங்கிறீட் கூரைக்குக் கீழே செய்மதிச் சமிக்ஞை சரியாகக் கிடைக்காது. அப்போது தொலைபேசி அருகிலுள்ள வைஃபையையும் கைத்தொலைபேசிக் கோபுரங்களையும் வைத்து இடத்தைக் கணிக்கிறது. வைஃபையும் இல்லாத இடமென்றால் கோபுரம் மட்டுமே மிஞ்சும். கொட்டியாரக் குடாவின் நீர்ப்பரப்பில் மறைப்பு எதுவும் இல்லாததால், அக்கரையிலுள்ள மூதூர்க் கோபுரத்தின் அலை துறைமுகப் பக்கத்துக்குத் தெளிவாகவே வந்து சேரும். வரைபடத்தில் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் இருந்ததா? வட்டம் பெரிதாக இருந்தால், அதற்குள் எங்கோ ஓரிடத்தில் அவன் இருந்தான் என்பதற்கு மேல் அந்தப் புள்ளிக்குப் பொருளில்லை. வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தான்?

உப்புவெளித் தந்தை:
5.50க்கு.

கொட்டியாரம்:
கிண்ணியாப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு மூதூரிலிருந்து 20 நிமிடத்தில் உப்புவெளிக்கு வருவதென்றால் பறந்துதான் வரவேண்டும்.

நிலாவெளியான்:
வட்ஸ்அப் விடயத்துக்கு வருகிறேன். ஃபமிலி லிங்க் எவருடைய செய்தியையும் காட்டாது. செயலிகளுக்கான நேரம், அனுமதி, இருப்பிடம் போன்றவையே அதன் எல்லை. வட்ஸ்அப் 2016 முதல், அனுப்புபவரும் பெறுபவரும் தவிர இடையில் எவரும் வாசிக்க முடியாதபடி முழுமையாக மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது. அவனுடைய கணக்கை உங்கள் தொலைபேசியில் இணைக்கலாம்தான்; ஆனால் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலில் அது அவன் கண்ணுக்குத் தெரியும், ஒரே தொடுகையில் வெளியேற்றியும் விடுவான்.

சாம்பல்தீவு ஆசிரியை:
இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை, பிள்ளையின் அந்தரங்கத்தையும் கடிதத் தொடர்பையும் பாதுகாக்கிறது. தொலைபேசியை வாங்கிக் கொடுத்தவர் என்பதற்காகக் கடிதத்தைப் பிரிக்கலாமா?

பழைய கம்பி:
அதே சமவாயத்தின் 5ஆம் உறுப்புரையையும் வாசியுங்கள், ரீச்சர். பிள்ளையை வழிநடத்தும் பொறுப்பும் உரிமையும் பெற்றோருக்கு உண்டு என்று அங்கே எழுதியிருக்கிறது.

சாம்பல்தீவு ஆசிரியை:
வாசித்திருக்கிறேன். பிள்ளையின் ஆற்றல் வளர வளர அதற்கேற்ப வழிநடத்த வேண்டும் என்பதும் அதே வாக்கியத்தில்தான் இருக்கிறது. 5 வயதுப் பிள்ளைக்கும் 15 வயதுப் பிள்ளைக்கும் ஒரே கடிவாளம் போட அது இடம் தரவில்லை. எவராவது மிரட்டுகிறார்கள், படம் கேட்கிறார்கள் என்ற ஐயம் இருந்தால் அது வேறு விடயம், சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழைக்கலாம். இங்கே அப்படி எதையும் தந்தை சொல்லவில்லை.

பழைய கம்பி:
இருக்கட்டும். தொலைபேசியை அழித்துப் பார்ப்பதில் நட்டமில்லை என்பதே இன்னமும் என் கருத்து.

நிலாவெளியான்:
பரீட்சைக் குறிப்புகள் எல்லாம் அதில் இருக்கும், அண்ணை. நட்டம் அவனுக்குத்தான்.

உப்புவெளித் தந்தை:
இன்று வகுப்பு வாசலில் நின்று பார்த்தேன். அவன் உள்ளே இருக்க, வரைபடம் மறுபடியும் மூதூர் என்றது. வட்டம் குடா முழுவதையும் மூடியிருந்தது. நேற்று இரவு அவனை ஏசிவிட்டேன். இன்னும் என்னோடு கதைக்கவில்லை. நன்றி.

கொட்டியாரம்:
வட்ஸ்அப்பை இணைத்திருந்தால், அவன் பார்ப்பதற்கு முன் நீங்களே சொல்லிவிட்டுக் கழற்றிவிடுங்கள். இணைத்தீர்களா?