ஆபீஸே எரிந்துபோன ராணுவத்தின் கடிதங்களை எப்படிப் படிப்பது?

செந்தூல் டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் இடைநிலைப்பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். மூன்று மாதமாக, பிள்ளைகள் தூங்கியபிறகு, அமெரிக்கப் போர்த்துறையின் 1784 முதல் 1800 வரையிலான கடிதங்களைப் படித்து வருகிறேன். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தார் ஏறக்குறைய 45,000 ஆவணங்களைத் திரட்டி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். பழைய கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்துகொடுக்க நம்மைப் போன்றவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நானும் சில பக்கங்கள் செய்தேன்.

சண்டையைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்து உள்ளே போனேன். பார்த்தால் சப்பாத்து, மாவு, உப்பு, சோப்பு! 1790-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே சிப்பாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு மாட்டிறைச்சி, ஒரு பவுண்டு ரொட்டி என்று கணக்கு இருக்கிறது. நூறு பேர் சாப்பாட்டுக்கு இரண்டு பவுண்டு சோப்பும் ஒரு பவுண்டு மெழுகுவத்தியும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமாம். போர்த்துறைச் செயலாளர் ஹென்றி நாக்ஸ், முன்பு பாஸ்டனில் புத்தகக்கடை வைத்திருந்தவர்.

எனக்கு இரண்டு சந்தேகங்கள். 1800 நவம்பர் 8-ஆம் தேதி வாஷிங்டனில் போர்த்துறை அலுவலகம் தீப்பிடித்து ஆவணங்கள் எல்லாம் போய்விட்டன என்கிறார்கள். அப்படியென்றால் நான் படிப்பது எங்கிருந்து வந்தது?

அடுத்தது, 1791-இல் தளபதி செயின்ட் கிளேரின் அமெரிக்கப் படை பூர்வகுடிகளிடம் தோற்று அழிந்த விஷயம். தலைநகரான பிலடெல்பியாவில் இருந்தவர்கள் “சாமான்களை அனுப்பிவிட்டோம்” என்கிறார்கள். களத்தில் இருந்தவர்கள் “வரவில்லை, வந்ததும் உதவவில்லை” என்கிறார்கள். யாரை நம்புவது? மாணவர்கள் கேட்டால் என்ன சொல்வேன்?

பட்டர்வொர்த் ஸ்டோர் கிராணி:

வணக்கம் டீச்சர். 1974-லிருந்து இருபத்திரண்டு வருஷம் ராணுவ ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன் நான். உங்கள் கேள்வியைப் பார்த்த பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து அந்த விவகாரத்தைத் தேடிப் படித்தேன்.

முதல் கேள்விக்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். 1979 மழைக்காலத்தில், ஒரு வாரக்கடைசியில், நான் வேலை செய்த ஸ்டோரின் கூரை ஒழுகி மூன்று வருஷத்து லெட்ஜர் நனைந்துவிட்டது. பேனா மையில் எழுதியது, எல்லாம் நீலக் குழம்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் சார்ஜென்ட்தான், “சாமான் வாங்கினவன்கிட்ட பிரதி இருக்குமே” என்றார். ஒவ்வொரு வவுச்சரும் நான்கு பிரதி. வெள்ளை எங்களுக்கு, இளஞ்சிவப்பு வாங்கிய யூனிட்டுக்கு. பதினொரு யூனிட்டுக்கு ஜீப் எடுத்துக்கொண்டு அலைந்து, நான்கு மாதத்தில் லெட்ஜரைத் திரும்ப எழுதினோம்.

அமெரிக்காவிலும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். நாக்ஸ் எழுதிய கடிதம் அவர் அலுவலகத்தில் எரிந்திருக்கலாம். அதைப் பெற்ற தளபதி வெய்ன், ராணுவச் சாமான்களைக் கவனித்த சாமுவேல் ஹாட்ஜ்டன், நிதித்துறையில் இருந்த ஹாமில்டன் ஆகியோரின் காகிதக் கட்டுகளில் அது பிழைத்திருக்கும். அப்படிச் சிதறியவற்றைப் பல ஆவணக்காப்பகங்களில் தேடிச் சேர்த்ததுதான் நீங்கள் படிப்பது.

சரி, இரண்டாவதற்கு வருகிறேன். லெட்ஜரைத் திரும்ப எழுதியபோது ஒரு விஷயம் தெரிந்தது. எங்கள் கணக்கில் 216 கம்பளிகளை அனுப்பிவிட்டதாக இருந்தது. எந்த யூனிட்டின் பிரதியிலும் அவற்றை வாங்கிய கையெழுத்து இல்லை. நாங்களும் பொய் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அதனால் டீச்சர், ஒரே சாமானுக்கு மூன்று தேதிகளைத் தேடுங்கள்: கேட்ட தேதி, அனுப்பிய தேதி, கையெழுத்துப் போட்டு வாங்கிய தேதி.

செயின்ட் கிளேர் விஷயத்தை இப்படிப் பிரித்தால் நிறையப் புரிகிறது. கோடைக்குள் மூவாயிரம் பேரோடு கிளம்ப வேண்டிய படை அது. சாமானுக்குப் பொறுப்பான ஹாட்ஜ்டன், படை கூடியிருந்த வாஷிங்டன் கோட்டைக்கு, அதாவது இன்றைய சின்சினாட்டிக்கு, செப்டம்பரில்தான் வந்து சேர்ந்தார். பொதிக்குதிரைகளுக்குச் சேணம் பிலடெல்பியாவில் செய்தார்கள். அங்கிருந்து மலைப்பாதையில் பிட்ஸ்பர்க், பிறகு ஒஹையோ ஆற்றில் படகு. இவ்வளவு செலவு செய்து வந்த சேணம், குதிரைக்குப் பெரிதாக இருந்ததாம்! “அனுப்பினோம்” என்பதும் உண்மை, “உதவவில்லை” என்பதும் உண்மை. செய்தவன் அந்தக் குதிரைகளைப் பார்த்ததே இல்லை. அளவு தவறிய சப்பாத்துகளை மூட்டை மூட்டையாகத் திருப்பி அனுப்பியவன் நான், அந்த வரியைப் படித்தபோது நெஞ்சு அடைத்தது.

சாப்பாட்டு ஒப்பந்தம் வில்லியம் டூயர் கையில். அவர் கவனம் நிலத்திலும் பங்குப் பத்திரத்திலும். மாவு வந்து சேரவில்லை. அக்டோபர் 31 அன்று, ஊர்மக்களைத் திரட்டிய குடிப்படையில் அறுபது பேர் படையை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். பின்னால் வரும் உணவு வண்டிகளை அவர்கள் கொள்ளையடித்துவிடுவார்களோ என்று பயந்து, செயின்ட் கிளேர் தன் நல்ல ரெஜிமெண்டையே காவலுக்குத் திருப்பி அனுப்பினார். நவம்பர் 4 காலையில் தாக்குதல் வந்தபோது அந்த ரெஜிமெண்ட் அங்கே இல்லை. அறுநூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் செத்தார்கள். மாவு வராததற்கும் அந்தச் சாவுகளுக்கும் நேரான தொடர்பு இருக்கிறது, இதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

1792 மே மாதம் நாடாளுமன்றக் குழு செயின்ட் கிளேர் மேல் குற்றமில்லை என்றது. ஒப்பந்தக்காரரையும் ஹாட்ஜ்டனையும் குறை சொன்னது. நாக்ஸும் ஹாட்ஜ்டனும் மறுத்து எழுதினார்கள். அந்தக் கடிதங்களைப் படிக்கும்போது நாக்ஸும் டூயரும் நில வியாபாரத்தில் கூட்டாளிகள் என்பதை மனதில் வையுங்கள்.

ஜாலான் ஈப்போ தம்பி:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்தக் குழு கேட்டபோதுதான் போர்த்துறைக் காகிதங்களைக் கொடுக்கலாமா கூடாதா என்று அதிபர் வாஷிங்டன் தன் அமைச்சர்களைக் கூட்டிப் பேசினார். அப்படி ஒரு கேள்வி அவர்களுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பொதுநலனுக்குக் கெடுதல் வராததைக் கொடுப்பது என்று முடிவானது. அதே 1792 மே 8-ஆம் தேதிச் சட்டம் ராணுவக் கொள்முதலை நிதித்துறைக்கு மாற்றியது. ஆகையால் டீச்சர், அதற்குப் பிறகு வரும் சப்பாத்துக் கணக்கை ஹாமில்டன் கடிதங்களில் தேடுங்கள்.

இன்னொன்று. அன்று ஜெயித்தது மியாமி, ஷானி முதலான பூர்வகுடிகளின் கூட்டணி. லிட்டில் டர்ட்டில், புளூ ஜாக்கெட் அவர்களின் தலைவர்கள். அவர்களுக்கு லெட்ஜரும் இல்லை, பிரதியும் இல்லை. அவர்கள் நிலத்தைக் காப்பாற்றப் போராடியதை எதிராளியின் கடிதங்கள் வழியாகத்தான் படிக்கிறோம். வகுப்பில் இதை விட்டுவிடாதீர்கள்.

நம் நாட்டுக்கும் இது பொருந்தும். கோலாலம்பூரில் இருக்கும் தேசிய ஆவணக்காப்பகத்தில் கிடைக்காத 1957-க்கு முந்தைய சில மலாயாக் கோப்புகள், லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தில், எப்.சி.ஓ. 141 என்ற வரிசையில் இருக்கின்றன. 2012-லிருந்துதான் அவற்றைத் திறந்துவிட்டார்கள்.

செந்தூல் டீச்சர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சேணத்தின் மூன்று தேதிகளையும் ஒரே தாளில் எழுதி வைத்துவிட்டேன். இரண்டு கிடைத்தன, வாங்கிய கையெழுத்து மட்டும் இன்னும் அகப்படவில்லை. ஐயா, அந்தக் கம்பளிகள் கடைசியில் என்ன ஆயின?

பட்டர்வொர்த் ஸ்டோர் கிராணி:

கிடைத்துவிட்டன டீச்சர். வேறொரு ஸ்டோரில், ரயிலில் வந்த கட்டுப் பிரிக்காமல், ஒன்பது மாதமாக மூலையில் கிடந்தன. கட்டின் மேல் எங்கள் சாப்பு முத்திரை அப்படியே இருந்தது.