குடும்பத்துக்கு ஏற்ற பெரிய கூடாரம், குறைந்த விலையில்: உடனடி உதவி தேவை

மூன்றுபிள்ளைத்தந்தை
ஜூலை 8, இரவு 10.42

அனைவருக்கும் வணக்கம். குடும்பத்துடன் முகாமிடுவதற்குப் பெரிய கூடாரம் ஒன்று அவசரமாகத் தேவைப்படுகிறது. சென்ற ஆண்டு வாங்கிய ஆறு பேர் கூடாரம் முதல் மழையிலேயே எங்களைக் கைவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய் வான் வண்டிக்குள் இருந்தோம். ஆகவே இம்முறை பத்து அல்லது பன்னிரண்டு பேர் அளவில், அதே நேரம் விலை அதிகமில்லாத ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். மலிவு விற்பனை சனிக்கிழமையுடன் முடிகிறது. எதை வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஏரிக்கரை
ஜூலை 8, இரவு 11.15

தம்பி, எத்தனை பேர் படுக்கப் போகிறீர்கள், பிள்ளைகளுக்கு என்ன வயது, எந்தப் பூங்காவுக்கு எந்த மாதம் போகிறீர்கள், எவ்வளவு செலவழிக்க முடியும் என்ற நான்கும் தெரியாமல் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. தரை எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். ஒன்ராறியோவில் ஜோர்ஜியன் குடாப் பக்கம் கில்பெயர் பூங்காவுக்குப் போனால் பல இடங்களில் பாறைமேல் முளை இறங்காது. கயிறும் முளையும் இல்லாமலே தன் தடிகளில் நிற்கக்கூடிய கூடாரம் வேண்டும். மணல் நிறைந்த சாண்ட்பாங்ஸ் பூங்கா என்றால் நிலைமை நேர்மாறு. முளை சுலபமாக இறங்கும், காற்றடித்தால் அதே சுலபத்துடன் வெளியே வந்துவிடும்.

கூடாரவாசி
ஜூலை 8, இரவு 11.50

வாங்கும் பொருளின் அளவை எப்படி வாசிப்பது என்று முதலில் கற்றுக்கொள்ளுங்கள். அதன் பிறகு மலிவு விற்பனையைப் பற்றிப் பேசலாம். பெட்டியில் "ஆறு பேர்" என்று போட்டிருப்பது, ஆறு பேர் தோளோடு தோள் ஒட்டி, பைகள் எதுவும் உள்ளே இல்லாமல் படுத்தால் இடம் போதும் என்பதை மட்டுமே குறிக்கும். 10 அடிக்கு 9 அடி என்பது ஆறு பேர் கூடாரத்தின் வழக்கமான அளவு. பத்தடியை ஆறால் வகுத்தால் ஒருவருக்குக் கிடைப்பது 20 அங்குலம். இருவர் படுக்கும் குயின் அளவுக் காற்று மெத்தை ஒன்று ஏறத்தாழ 33 சதுர அடியைப் பிடிக்கும். இரண்டு போட்டால் 90 சதுர அடியில் மிஞ்சுவது 23 சதுர அடிதான். இதைக் கணக்கிடாமல் வாங்குகிறவர்களே மறு ஆண்டு பன்னிரண்டு பேர் கூடாரம் தேடி வருகிறார்கள். இருபது ஆண்டுகளாக முகாமிட்டு வருகிற எனக்கு இது சலித்துப்போன விடயம். பெட்டியின் எண்ணிலிருந்து இரண்டைக் கழித்துக்கொள்ளுங்கள். வயதானவர் இருந்தால் மூன்றைக் கழியுங்கள்.

தையற்காரி
ஜூலை 9, காலை 7.05

அண்ணா, பழைய கூடாரத்தில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்த்தீர்களா? நான் பல கூடாரங்களைத் தைத்துத் திருத்தியிருக்கிறேன். மலிவான கூடாரங்களில் துணியைவிடத் தையலே முதலில் ஒழுகும், ஏனென்றால் ஊசி போன ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு ஒரு வாசல். உட்பக்கத்தில் தையலின்மேல் பளபளப்பான ஒட்டுநாடா ஓடுகிறதா, அது உரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உரிந்திருந்தால் தையலை அடைக்கும் பசை ஒரு சிறிய ரியூப் வாங்கி, கூடாரத்தை வெயிலில் விரித்து நன்கு உலரவிட்டுப் பூசினால், புதிதாக வாங்கவே வேண்டியிராது. என் அனுபவத்தில் பத்தில் எட்டு ஒழுக்குகளுக்குக் காரணம் தையல்தான்.

காற்றுவழி
ஜூலை 9, காலை 8.30

தையல் என்று முடிவெடுக்க முன்னர் மூச்சைக் கவனியுங்கள். ஆறு பேர் இரவு முழுவதும் மூச்சு விடும்போது வெளியேறும் ஈரம், குளிர்ந்த துணியில் பட்டு நீர்த்துளியாகி வழிகிறது. மழை வருகிறது என்று பயந்து யன்னல்களையும் மேலே உள்ள காற்றுத் துவாரத்தையும் இறுக மூடினால், விடியும்போது சுவர் நனைந்து தலையணையும் நனைந்திருக்கும். எல்லோரும் அதைக் "கூடாரம் ஒழுகுகிறது" என்றுதான் சொல்வார்கள். சுவர் முழுவதும் ஒரே சீராக ஈரமாக இருந்ததா, குறிப்பிட்ட ஓர் இடத்திலிருந்து சொட்டியதா?

மூன்றுபிள்ளைத்தந்தை
ஜூலை 9, மதியம் 12.20

மன்னிக்கவும், அவசரத்தில் விபரங்களை எழுதவில்லை. நாங்கள் ஆறு பேர்: நானும் மனைவியும், 13 வயதில் மகள், 9 வயதிலும் 4 வயதிலும் மகன்மார், மனைவியின் தாயார். மாமிக்கு 68 வயது, முழங்கால் வருத்தம் உண்டு. ஆகஸ்ட் முதல் வாரம் மூன்று இரவுகள் சாண்ட்பாங்ஸில் தங்குவதற்குப் பதிந்திருக்கிறோம். 350 டொலருக்கு மேல் போக முடியாது. சென்ற ஆண்டு ஈரம் மேலிருந்து வரவில்லை. மெத்தையின் அடிப்பக்கம்தான் நனைந்திருந்தது, நடுவில் காலை வைத்தால் நிலம் மெத்தென்று அமுங்கியது. இத்தனைக்கும் கூடாரத்தின் கீழே நல்ல நீலத் தறப்பாள் ஒன்று விரித்திருந்தேன். நன்றாகக் காக்கட்டும் என்று பெரியதாகவே வாங்கினேன். நான்கு பக்கமும் ஓரடி வெளியே நின்றது.

ஏரிக்கரை
ஜூலை 9, மதியம் 1.05

தம்பி, இப்போது விடயம் விளங்குகிறது. உங்கள் கூடாரத்தின்மேல் வழிந்து இறங்கிய மழை முழுவதும் அந்த வெளியே நின்ற ஓரடித் தறப்பாளில் விழுந்து, அதன்மேல் ஓடி, கூடாரத்தின் அடித்தரைக்கும் தறப்பாளுக்கும் இடையில் போய்த் தேங்கியிருக்கிறது. தறப்பாள் இல்லாதிருந்தால் மண் அதைக் குடித்திருக்கும். அதன்மேல் ஆறு பேரின் பாரமும் சேரும்போது, முழங்காலும் முழங்கையும் ஊன்றும் இடங்களில் தண்ணீர் அழுத்தப்பட்டு அடித்துணியைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். துணியின் நீர்தாங்கும் திறனை மில்லிமீற்றரில் குறிப்பார்கள்: 1500 என்றால், துணியின்மேல் 1500 மில்லிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தும்வரை கசியாது என்று பொருள். நின்றுகொண்டிருக்கும் சுவருக்கு அது போதும்; பாரம் அமுங்கும் தரைக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவை. வட அமெரிக்காவில் விற்கும் பல குடும்பக் கூடாரங்களின் பெட்டியில் இந்த எண்ணே இருப்பதில்லை.

தறப்பாளை வெட்டுங்கள், அல்லது ஓரங்களைக் கீழ்ப்பக்கமாக மடித்து விடுங்கள். கூடாரத்தின் ஓரத்திலிருந்து நான்கு விரல்கடை உள்ளே அடங்கியிருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் நீலம் தெரியக்கூடாது.

கூடாரவாசி
ஜூலை 9, பிற்பகல் 2.10

கீழே தறப்பாள் விரிப்பதே பழக்கதோசம். வெட்டினாலும் மடித்தாலும் இரவில் காற்றடித்து ஒரு பக்கம் நகர்ந்தால் மறுபடியும் அதே கதைதான். அனுபவமுள்ளவர்கள் தறப்பாளைக் கூடாரத்தின் உள்ளே விரித்து, நான்கு ஓரங்களையும் சுவரோடு சில அங்குலம் மேலேற்றி விடுவார்கள். கீழிருந்து தண்ணீர் வந்தாலும் தறப்பாளின் அடியிலேயே நின்றுவிடும், மெத்தை நனையாது.

ஏரிக்கரை
ஜூலை 9, பிற்பகல் 2.45

உள்ளே விரித்தால் மெத்தை நனையாது என்பதை ஏற்கிறேன். ஆனால் கூடாரத்தின் அடித்தரை கல்லிலும் வேரிலும் நேரடியாக உராய்ந்து துளைபடும்; அதைக் காப்பதற்காகவே கீழே விரிப்பது. தரை துளைபட்ட கூடாரத்துக்கு உள்ளே எதை விரித்து என்ன பயன்? அடுத்த ஆண்டு இன்னொன்று வாங்க வேண்டிவரும். இவரோ பணத்தைப் பார்த்துச் செலவழிக்கிறவர்.

கூடாரவாசி
ஜூலை 9, பிற்பகல் 3.20

கூடாரம் போடும் இடத்தைக் கையால் தடவிக் கல்லும் சுள்ளியும் பொறுக்குகிறவனுக்குத் தரை துளைபடாது. என் கூடாரம் பதினொரு கோடைகள் கண்டது, கீழே ஒருமுறைகூட எதையும் விரித்ததில்லை. செய்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

தையற்காரி
ஜூலை 9, மாலை 5.30

இருவரும் சொல்வது தத்தம் தரைக்குச் சரியாக இருக்கலாம். அண்ணா போவது சாண்ட்பாங்ஸுக்கு. அங்கே கல்லைவிட மணல்தான் பிரச்சினை. தண்ணீர் மணலுக்குள் விரைவாக இறங்கிவிடும் என்பதால் கீழே மடித்து விரித்த தறப்பாளும் கெடுதல் செய்யாது, உள்ளே விரித்ததும் கெடுதல் செய்யாது. நீங்கள் இருவரும் இதை வேறோர் இடத்தில் தொடர்ந்தால், அண்ணாவின் கேள்விக்கு நாம் திரும்பலாம். பழைய கூடாரத்தின் தையலை அவர் இன்னும் பார்த்துச் சொல்லவில்லை.

பிராம்ப்டன் அக்கா
ஜூலை 9, இரவு 9.10

தம்பி, பத்துப் பேர் கூடாரம் வாங்கி அல்லற்பட்ட ஒருத்தியாக எழுதுகிறேன். எங்களுடையது 14 அடிக்கு 10 அடி. இழுகயிறுகளுக்குச் சுற்றிவர மூன்றடி விட்டால் ஏறத்தாழ 20 அடிக்கு 16 அடி சமதரை வேண்டும். எங்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் மேசை, அடுப்புக் குழி, இரண்டு மரங்கள் எல்லாம் போக அவ்வளவு வெற்றிடம் இருக்கவில்லை. இறுதியில் ஒரு மூலையைச் சரிவில் போட்டோம். இரவு முழுவதும் எல்லோரும் அந்த மூலைக்கே உருண்டு வந்தோம். செங்குத்தான சுவருள்ள அந்த வீடு போன்ற கூடாரத்தில் நிமிர்ந்து நிற்க வசதியாக இருந்தது உண்மை. ஆனால் ஏரிக்காற்று அடித்தபோது சுவர் கப்பற்பாய்போல உப்பி, தடி ஒன்று வளைந்தது. தடிகள் முன்கூட்டியே பொருத்தப்பட்டு வரும் வகை என்பதால் அந்த ஒரு தடியை மட்டும் மாற்ற வழி கிடைக்கவில்லை. மழைக்காகக் கூடாரத்தின்மேல் போடும் மேல்விரிப்பு தொப்பி அளவுதான் இருந்தது. சாரல் அடித்ததும் யன்னல் வழியாக உள்ளே வந்தது.

அதனால்தான் ஒரு பெரியதற்குப் பதிலாக இரண்டு நடுத்தரக் கூடாரங்களை எண்ணிப் பார்க்கும்படி சொல்கிறேன். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் ஓர் இடத்தில் மூன்று கூடாரங்கள்வரை போடலாம். 13 வயதுப் பெண்பிள்ளைக்கு உடை மாற்றத் தனியிடம் வேண்டும். முழங்கால் வருத்தம் உள்ளவர் தரையில் படுத்தால் எழும்ப முடியாது. மாமிக்கு மடக்குக் கட்டில் வையுங்கள், அதன் கால்களுக்கு அடியில் பலகைத் துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் தரையைக் கிழித்துவிடும். பேத்தியும் அம்மம்மாவும் ஒரு கூடாரம், மற்ற நால்வரும் இன்னொன்று. இரண்டாவதை வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: மேல்விரிப்பு நான்கு பக்கமும் நிலம்வரை இறங்குகிறதா என்பது. அதற்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

ஏரிக்கரை
ஜூலை 10, காலை 6.50

அக்கா சொன்னதுடன் முழுமையாக உடன்படுகிறேன். மணலில் முளை நிற்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். பெட்டியோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் அங்கே உதவா. வீட்டில் வெறுமையான அரிசிப் பைகள் இருக்குமே, சிப் வைத்த பெரியவை, அவற்றில் எட்டை எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொன்றிலும் அரைவாசிக்கு மணல் நிரப்பி, கழுத்தில் இழுகயிற்றை இறுகக் கட்டி, ஓரடி ஆழக் குழியில் படுக்கையாக வைத்து மூடி, மேலே காலால் மிதித்துவிடுங்கள். கயிறு கூடாரத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சரிந்து இறங்க வேண்டும். ஒருமுறை மூலையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், அசையாது.

காற்றுவழி
ஜூலை 10, காலை 9.15

மழை பெய்தாலும் மேலே உள்ள காற்றுத் துவாரத்தை மூட வேண்டாம். நிலம்வரை இறங்கும் மேல்விரிப்பு இருந்தால் யன்னலையும் நான்கு விரல் திறந்து விடலாம். இன்னொன்றையும் மன்றாட்டமாகச் சொல்கிறேன்: மழை என்று தேநீர் வைக்கக்கூட அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோக வேண்டாம். நெருப்பு மட்டுமல்ல, மணமில்லாத காபன் மொனொக்சைட்டும் ஆளைக் கொல்லும்.

மூன்றுபிள்ளைத்தந்தை
ஜூலை 11, இரவு 8.30

இன்று பின்வளவில் பழைய கூடாரத்தைப் போட்டு, தறப்பாள் இல்லாமல், தண்ணீர்க் குழாயால் இருபது நிமிடம் அடித்துப் பார்த்தேன். தரை உலர்ந்தே இருந்தது. பின்மூலையில் மட்டும் தையல் நாடா ஒரு சாண் அளவுக்கு உரிந்திருக்கிறது. அங்கே இரண்டு துளிகள் வந்தன. தையற்காரி அக்கா சொன்ன பசையைப் பூசப் போகிறேன். பத்துப் பேர் கூடாரத்தை வாங்கவில்லை.

கூடாரவாசி
ஜூலை 11, இரவு 9.05

வாங்குவதற்கு முன்னர் இதைத்தான் செய்திருக்க வேண்டும். பசை காய ஒரு முழு நாள் விடுங்கள். காய முன்னர் மடித்தால் துணியோடு துணி ஒட்டிக்கொள்ளும்.

பிராம்ப்டன் அக்கா
ஜூலை 30, மாலை 6.00

தம்பி, இரண்டாவது கூடாரம் வாங்கினீர்களா? மாமியின் கட்டில் வாசலால் நுழைகிறதா என்று வீட்டிலேயே வைத்துப் பாருங்கள்.

மூன்றுபிள்ளைத்தந்தை
ஆகஸ்ட் 9, இரவு 11.20

வந்து சேர்ந்துவிட்டோம். நிலம்வரை மேல்விரிப்புள்ள நான்கு பேர் கூடாரம் ஒன்றை 190 டொலருக்கு வாங்கினேன். இரண்டாம் இரவு இடியுடன் மழை பெய்தது. அரிசிப் பைகள் அசையவில்லை, மெத்தைகள் நனையவில்லை. கட்டில் வாசலால் நுழையவில்லை. கால்களை மடித்து உள்ளே எடுத்து விரித்தோம். மாமி காலை ஏழு மணிவரை நித்திரை கொண்டார். எல்லோருக்கும் நன்றி.