சண்டை எந்த வாக்கியத்தில் முற்றுகிறது? நடுவில் உட்கார்ந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

திருப்பாதிரிப்புலியூர் வாசகி:

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத் தெருக்களில் மழைத்தண்ணீர் சண்டை ஆரம்பித்துவிடும். ஒருவர் வாசலை உயர்த்தி மண் கொட்டுவார், தண்ணீர் அடுத்த வீட்டுக்குள் போகும். பேசப் போகிறவர்கள் நியாயத்தோடுதான் போகிறார்கள், திரும்பி வரும்போது பகையோடு வருகிறார்கள். சமரசம், குடும்ப ஆலோசனை, பாசனம் என்று சண்டைகளைப் பக்கத்தில் இருந்து கவனித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எது கெடுக்கிறது, எது திருப்புகிறது என்று விவரமாகச் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம், நீதிமன்ற சமரசப் பணி:

நம் ஊரில் சண்டை முற்றுவதை வார்த்தையில் இல்லை, விளியில், அதாவது கூப்பிடும் விதத்தில் பார்க்கலாம். "அண்ணே" என்று தொடங்குவார்கள். அது "சார்" ஆகும். மரியாதை கூடிவிட்டதாகத் தோன்றும், ஆனால் உறவு விலகியதன் அடையாளம் அது. அடுத்தது "யோவ்". அதற்குப் பிறகு ஒருமை. "யோவ்" வந்தபின் எந்தக் கணக்கும் காதில் ஏறாது. அதனால் "அண்ணே" "சார்" ஆகும் இடத்திலேயே பேச்சை மெதுவாக்க வேண்டும்.

வாடகை அட்வான்ஸ் தகராறு ஒன்றைப் பாருங்கள். கொடுத்தது 60,000. காலி செய்தபோது கைக்கு வந்தது 42,000. குடியிருந்தவர் "என் காசைத் தின்னுட்டீங்க" என்று ஆரம்பித்தால் வீட்டுக்காரர் தன் நாணயத்தைக் காப்பாற்றப் பேசுவாரே தவிர 18,000 பற்றிப் பேசமாட்டார். "60,000 குடுத்தேன், 42,000 வந்துது. மீதி 18,000 எதெதுக்குப் போச்சுன்னு எழுதிக் குடுங்கண்ணே" என்றால் அவருக்குப் பதில் சொல்ல ஒரு பொருள் கிடைக்கிறது. முதல் வாக்கியத்தில் தொகை, தேதி, நடந்த செயல் மட்டும் இருக்கட்டும். "எப்பவும்", "ஒருநாளும்", "உங்கள மாதிரி ஆளுங்க" இந்த மூன்றும் வரவே கூடாது. "எப்பவும்" என்று சொன்ன நொடியில் எதிராளி அப்படி நடக்காத ஒரு நாளைத் தேடி எடுத்து வந்துவிடுவார், பேச்சு அங்கே போய்விடும்.

இதே தகராறு தனி அமர்வில் வேறு முகம் காட்டும். இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்பதுதான் தனி அமர்வு. சொன்னவர் சம்மதிக்காமல் அங்கே பேசியது மறுபக்கத்துக்குப் போகாது. வீட்டுக்காரர் அங்கேதான் வாயைத் திறந்தார்: "நாலு வருஷம் இருந்தாங்க. போறப்போ சாவிய எதிர்வீட்ல குடுத்துட்டுப் போயிட்டாங்க. ஒரு வார்த்தை சொல்லல." பெயின்ட் செலவு 7,000-க்குப் பில் இருந்தது. மீதி 11,000 அந்த ஒரு வார்த்தைக்காகப் பிடித்த பணம். இதை வெளியே கொண்டுவராமல் தொகையை மட்டும் பாதிப் பாதியாகப் பிரித்துவிட்டால் கையெழுத்து விழும், மனஸ்தாபம் போகாது.

கேட்பதற்கும் முறை உண்டு. ஒருவர் ஐந்து நிமிடம் பேசட்டும். மற்றவர் கையில் தாளும் பேனாவும் இருக்கட்டும், குறுக்கே சொல்ல நினைப்பதை எழுதிக்கொள்ளட்டும். பிறகு "நீங்க சொல்றது இதுதானே" என்று கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். எதிராளி "ஆமா, அதேதான்" என்று சொல்லும்வரை பதிலுக்குப் போகக் கூடாது. பெரும்பாலும் இரண்டாம் முறையில்தான் அந்த "அதேதான்" வரும். பலர் இங்கே செய்யும் தவறு, திருப்பிச் சொல்லிவிட்டு மூச்சு விடாமல் "ஆனா" போடுவது. அந்த "ஆனா" முன்னால் சொன்ன அத்தனையையும் அழித்துவிடும்.

பாகூர், பாசனம்:

தண்ணீர்ச் சண்டைக்கு மேலே சொன்னதோடு இன்னொன்று வேண்டும், இடம். பாகூர் ஏரிக்குச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. ஏரிக்குக் கீழே, வாய்க்கால் தொடக்கத்தில் நிலம் உள்ள தலைமடைக்காரருக்கும் கடைசியில் நிலம் உள்ள கடைமடைக்காரருக்கும் வரும் வாக்குவாதம் எந்தப் பாசனத்துக்கும் உள்ளதுதான். அதை டீக்கடையில் பேசினால் தீராது. சுற்றி நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது யாரும் இறங்கிவர மாட்டார்கள். வீட்டு வாசலிலும் வேண்டாம், உள்ளிருந்து பெண்டுபிள்ளைகள் கேட்கிறார்கள் என்ற நினைப்பில் குரல் உயரும். மதகுக்குக் கூட்டிப் போங்கள். காலை ஏழு மணி நல்ல நேரம். பொழுது சாய்ந்தபின் பேசவே பேசாதீர்கள். குடித்திருந்தால் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மறுநாளைக்கு ஒத்திவையுங்கள்.

மதகில் முதலில் பேச்சு கூடாது, அளவு. ஒரு குச்சியை இறக்கி நனைந்த உயரத்தை இருவருமே பார்க்கட்டும், கல்லில் சுண்ணாம்பால் கோடு போடட்டும். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி. "தண்ணி வரவே இல்ல", "வந்துது" என்ற இரண்டு வாய்ச்சொல்லுக்கு நடுவில் ஒரு கோடு நின்றுவிடும். ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நடந்து பேசும்போது இருவர் குரலும் தானாகத் தணிவதையும் கவனியுங்கள். முகத்துக்கு முகம் நிற்பது சண்டைக்கான நிலை. வீட்டுக்குள் பேசினாலும் எதிரெதிரே நாற்காலி போடாமல் மேசையின் அடுத்தடுத்த இரு பக்கங்களில் போடுங்கள்.

வாசகி கேட்ட வாசல் மேட்டுக்கும் இதுவே வழி. ஒரு மழை நாளில் இரண்டு வீட்டுக்காரரும் சேர்ந்து நின்று தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். வெயில் நாளில் பேசினால் இருவரும் ஞாபகத்தை வைத்துத்தான் சண்டை போடுவார்கள்.

லாஸ்பேட்டை, குடும்ப ஆலோசனை:

கணவன் மனைவி, அண்ணன் தம்பிக்குள் அளவுகோலும் தாளும் உடனே உதவாது. அங்கே உடம்பு முந்திக்கொள்ளும். தம்பதிகளின் வாக்குவாதங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் சொல்வது இது: நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் கேட்கும் திறன் சுருங்கிவிடும், தணியக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். 25-க்கு மேல் எண்ணினால் அன்றைய பேச்சை அங்கே நிறுத்துங்கள்.

நிறுத்துவதில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். கதவை அறைந்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு பீச் ரோட்டுக்குப் போய்விடுவது இடைவேளை ஆகாது. வீட்டில் இருப்பவருக்கு அது கைவிட்டுப் போன மாதிரி. "எனக்குப் படபடன்னு இருக்கு. எட்டரைக்குத் திரும்ப உக்காந்து பேசலாம்" என்று நேரத்தைச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். எட்டரைக்கு வந்து நில்லுங்கள். ஒரு தடவை அந்த நேரம் தவறினால் அடுத்த தடவை யாரும் உங்களை எழுந்துபோக விடமாட்டார்கள். இடைவேளையில் அம்மாவுக்கோ நண்பருக்கோ போன் போட்டு நடந்ததைச் சொல்லாதீர்கள், சொல்லச் சொல்ல நாடி மறுபடி ஏறும். பாத்திரம் கழுவுங்கள், மாடிக்குப் போய்த் துணி எடுங்கள்.

வாட்ஸ்அப்பில் சண்டை போடாதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. இவற்றையாவது கடைப்பிடியுங்கள்: ஒரே விஷயத்துக்கு மூன்று செய்தி போய் மூன்று வந்துவிட்டால் போன் போடுங்கள். கோபத்தில் குரல் பதிவு அனுப்பாதீர்கள். எழுத்தை ஒருமுறை படித்து விடுவார்கள், குரலைப் பத்து முறை போட்டுக் கேட்பார்கள், சொந்தக்காரருக்கும் போடுவார்கள்.

முதுநகர்:

மேலே எழுதியவர்களோடு ஒரு விஷயத்தில் நான் உடன்படவில்லை. இரண்டு பேரும் சமமாக உட்காரும் இடத்தில்தான் இதெல்லாம் நடக்கும். ஒருத்தர் நாற்காலியில், இன்னொருத்தர் நின்றுகொண்டு. ஒருத்தருக்கு டம்ளரில் டீ, இன்னொருத்தருக்குப் பேப்பர் கப்பில். ஒருத்தரை "நீங்க", மற்றவரை "வா, போ". இப்படி ஒரு பஞ்சாயத்தில் "ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேள்" என்பது கீழே நிற்பவரிடம் மட்டும் கேட்கப்படும். நடுவர் முதலில் நாற்காலியைச் சரிசெய்ய வேண்டும், பிறகு விளியை. அதற்குப் பிறகுதான் பேச்சு.

அடி, மிரட்டல் உள்ள வீட்டில் "மென்மையாகப் பேசிப் பார்" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லாதீர்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். அவர் வார்த்தையைச் சரியாகப் போடாததால் அடி விழவில்லை. 181 பெண்கள் உதவி எண், உடனடி ஆபத்துக்கு 112. சட்ட உதவிக்கு 15100, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அது இலவசம்.

லாஸ்பேட்டை, குடும்ப ஆலோசனை:

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். இருவரையும் சேர்த்து உட்காரவைப்பதற்கு முன்னால் தனித்தனியாக "அவர் எதிர்ல எல்லாத்தையும் சொல்ல முடியுமா?" என்று கேட்க வேண்டும். தயங்கினால் சேர்த்து உட்காரவைக்கவே கூடாது. இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகி:

நன்றி. தவறு நம் பக்கம் இருந்தால் எப்படிச் சொல்வது? பேசி முடிந்ததை எழுதி வைக்க வேண்டுமா, அக்கம்பக்கத்தில் அது அசிங்கமாகத் தெரியாதா?

மஞ்சக்குப்பம், நீதிமன்ற சமரசப் பணி:

"ஏதாச்சும் தப்பா நடந்திருந்தா மன்னிச்சுக்குங்க" என்பது மன்னிப்பு ஆகாது. நடந்ததா இல்லையா என்பதையே எதிராளி தலையில் போடுகிறது. செய்ததைச் சொல்லுங்கள், அதனால் அவருக்கு என்ன ஆனது என்று சொல்லுங்கள், என்றைக்குள் சரிசெய்வீர்கள் என்று சொல்லுங்கள். "மண்ணு கொட்டுனது நாங்கதான். உங்க சமையல்கட்டு வரைக்கும் தண்ணி வந்துது. ஞாயித்துக்கிழமைக்குள்ள பக்கவாட்டுல குழாய் போட்டுடறோம்." இவ்வளவு போதும். ஏன் கொட்டினீர்கள் என்ற காரணம் அவர் கேட்டால் மட்டும்.

எழுதி வைப்பது அசிங்கமில்லை. தாள் கொடுக்கத் தயக்கமாக இருந்தால் அன்று இரவே "நாம பேசினது இதுதான், விட்டுப்போனது இருந்தா சொல்லுங்க" என்று இருவருக்கும் பொதுவாக ஒரு செய்தி அனுப்புங்கள். யார், என்ன, எந்தத் தேதிக்குள், செலவு யாருக்கு எவ்வளவு, இந்த நாலும் இருக்கட்டும். "இனிமே ஒத்துமையா இருக்கணும்" போன்ற வரிகளை விட்டுவிடுங்கள், அதை மீறினாரா இல்லையா என்றே அடுத்த சண்டை வரும்.

விஷயம் ஏற்கெனவே வழக்காகிவிட்டிருந்தால் சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்கலாம். அங்கே பேசியதை வழக்கில் சாட்சியாகக் காட்ட முடியாது. தமிழ்நாட்டில் சமரசத்தில் முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தாங்களே வெளியில் பேசி முடித்துக்கொண்டவர்களுக்கும் அது உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லியிருக்கிறது.

பாகூர், பாசனம்:

குழாய் போடும்போது நாலு அங்குலக் குழாய் வேண்டாம், இலையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொள்ளும். ஆறு அங்குலம் போடுங்கள், வாயில் ஒரு வலை கட்டுங்கள். வலையைச் சுத்தம் செய்வது எந்த வாரம் எந்த வீடு என்பதையும் அந்தச் செய்தியிலேயே எழுதிவிடுங்கள்.